நீர்யானை லீவில் இருந்த நாள்

எங்கள் கல்யாணப் படத்தில் என் மனைவியின் முகம் இல்லை. பதிவு அலுவலக வாசலில் இரண்டு சாட்சிகளும் நானும் விறைத்துக்கொண்டு நிற்கிறோம். எனக்கு வலது பக்கம் ஒரு வகிடு மட்டும் தெரிகிறது. அதுதான் அவள். கீழே விழுந்த எதையோ தேடுகிறவளைப் போல, சரியாக அந்த நொடியில் குனிந்துவிட்டாள்.

அது வெட்கமில்லை, தொழில்.

அவள் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் படகு ஓட்டினாள். ஓட்டினாள் என்று சொன்னால் அங்கே வேலை பார்த்த நாங்கள் எல்லோரும் சிரிப்போம். தண்ணீருக்கு அடியில் தண்டவாளம் இருந்தது. படகு அதன் மேல் தானாகப் போகும், தானாகத் திரும்பும். முன்னால் இருந்த சுக்கான் சக்கரம் எதனோடும் சேரவில்லை. நான் பம்ப் அறை மெக்கானிக். அந்தச் சக்கரத்துக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டவனே நான்தான். ஆனால் அவள் அதைப் பிடித்துத் திருப்புவதைப் பார்த்தால், ஒரு விரல் பிசகினாலும் படகோடு எல்லோரும் முதலை வாய்க்குள் போய்விடுவோம் என்றுதான் தோன்றும். முதலையும் ரப்பர்தான். அவளைக் கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அப்படியே கூப்பிட்டேன். அவள் தங்கை வீட்டுக்கு வந்தால், "கேப்டன் இருக்காங்களா, குளிக்கிறாங்களா?" என்றுதான் என்னைக் கேட்பாள்.

படகு கடைசி வளைவில் திரும்பும்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நீர்யானை வாயைப் பிளந்துகொண்டு எழும்பும். சனங்கள் அலறுவார்கள். அந்த நேரம் பார்த்து எதிர்க்கரைக் கூண்டிலிருந்து ஒருவர் படம் எடுப்பார். அவருக்கு ஃபிளாஷ் என்று பெயர். படகிலிருந்து இறங்கித் தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள், அலறிய முகம் அட்டைச் சட்டத்துக்குள் தயாராக நிற்கும். ஓட்டுகிறவர் படகின் முன்னால் நிற்பார் என்பதால் அவர் தலை பின்னால் இருக்கிறவர்களை மறைக்கும். அதனால் அங்கே ஒரு விதி உண்டு. நீர்யானை எழும்போது ஓட்டுகிறவர் சக்கரத்துக்குக் கீழே குனிந்துவிட வேண்டும்.

"வாங்குறவன் மூஞ்சிதான் படத்துல தெரியணும். உங்க மூஞ்சி எதுக்கு?" என்பார் ஃபிளாஷ்.

நாள் முழுக்கக் குனிந்து குனிந்து அவள் கழுத்துக்கு அது பாடமாகிவிட்டது. எங்கே யார் கேமராவைத் தூக்கினாலும் தலை கீழே போய்விடும். அவளாகச் செய்வதில்லை, அதுவாகப் போகும். பிறந்தநாள் படங்களில் கேக் இருக்கும், கத்தியைப் பிடித்த கை இருக்கும், கைக்கு மேலே ஒன்றும் இருக்காது. செல்போன் வந்த பிறகு அவள் தங்கை கதவு மறைவில் நின்றெல்லாம் எடுத்துப் பார்த்தாள். கழுத்துக்கு எப்படியோ தெரிந்துவிடும். கடைசி மாதங்களில் படுக்கையில் குனிய முடியாமல் கிடந்தபோது எடுத்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

அவள் போன பிறகு, முன் அறைச் சுவரில் ஆணி அடித்தேன். மாட்டுவதற்குப் படம் இல்லை.

கொழுந்தியாள் சும்மா இருக்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு எடுத்துவந்தாள். அட்டைக்குப் படம் எடுத்த அன்று, அந்த ஆள் என் மனைவியின் தாடையைப் பிடித்து நிமிர்த்திவைத்து எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கண் இரண்டும் முட்டிக்கொண்டு, வாய் ஒட்டிப்போய், மூச்சை அடக்கி நிற்கிற முகம்.

"ஆணி அடிச்சு வச்சிருக்கீங்க. படத்தை மட்டும் மாட்ட மாட்டேங்கிறீங்களே அத்தான்."

"இது அவ இல்ல."

"பின்ன யாரு, உங்க ரெண்டாவது பொண்டாட்டியா?"

"போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கா."

"அட்டைப் படம்னா எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கும்தான் பிக்பாக்கெட் மாதிரி இருக்கு. அதுக்காக நான் போனா மாட்டாம விட்டுடுவாங்களா?" சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "வர்றவங்க சுவரைப் பார்த்துட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறாங்க. எங்க அக்காவுக்கு ஒரு படம் போடக்கூட ஆளில்லையா?"

"போடுவேன். ஆனா அவ முகத்தைப் போடுவேன்."

"அது எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மாட்டவில்லை. அந்தக் கண்ணாடிப் படத்தை அவளே திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். ஆணி அப்படியே இருந்தது.

அந்த வாரம் என் மனைவியின் சக்கர நாற்காலியைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பழைய சாமான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். காலி நாற்காலியைத் தள்ளிப் போவது கஷ்டம், ஒவ்வொரு பள்ளத்திலும் அது வேறு பக்கம் திரும்பும். கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, ஓடாத கடிகாரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் பிரேக்கை அவர் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சுவரைக் கவனித்தேன்.

ஓரத்தில் நீல அலை போட்ட அட்டைச் சட்டங்கள். சுவர் முழுக்க எங்கள் படகு.

அலறுகிற அப்பாக்கள், கண்ணைப் பொத்திய குழந்தைகள், பையைத் தலைக்கு மேல் தூக்கிய ஒரு டீச்சர். ஒவ்வொரு படத்திலும் கீழே, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தொப்பியின் மேல்பாகம். சக்கரத்தில் ஒரு கை. சில கைகள் வேறு யாருடையவோ. பலவற்றில் மூன்று விரல் சக்கரத்தைப் பிடித்திருக்க, சுண்டு விரல் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் டம்ளர் பிடிப்பதும் அப்படித்தான், சாவி பிடிப்பதும் அப்படித்தான்.

"என்ன சார், தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"என் மனைவி இருக்கா. இதுல, இதுல, அப்புறம் அந்த வரிசை முழுக்க."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு எழுந்துவந்தார். "எங்க சார்?"

"கீழே."

அவர் நீண்ட நேரம் பார்த்தார். சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்த பிறகுதான் சிரித்தார்.

பூங்காவில் விற்காமல் மிஞ்சிய படங்களை மொத்தமாக வாங்கியதாகவும், இப்போது அவையும் விற்றுப்போய்விட்டன என்றும் சொன்னார். யாரோ ஓட்டல்காரர், தன் ஓட்டலில் ஆட்கள் காத்திருக்கும் கூடத்தில் மாட்ட மொத்தமாகக் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை வண்டி வரும்.

நான் கிளம்பவில்லை. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாவற்றிலும் இடது மூலையில் நீர்யானையின் மேல் தாடை நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றே மூன்றில் மட்டும் அது இல்லை. அந்த இடத்தில் ஓர் ஏணியின் கால் தெரிந்தது.

அது என் ஏணி.

எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்திய வருஷம். நீர்யானையின் பிஸ்டன் உடைந்துபோய் அது எழும்பவில்லை. படகை நிறுத்த முடியாது, விடுமுறைக் கூட்டம். நான் அதன் குழிக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்யானை இல்லாவிட்டால் சனங்கள் அலற மாட்டார்கள், அலறாவிட்டால் படம் விற்காது. அதனால் ஓட்டுகிறவர்கள் அவரவர் சாமர்த்தியத்தில் ஏதாவது செய்து அலற வைத்தார்கள். கேப்டனின் படகு வளைவில் திரும்பியது. நான் தலையைத் தூக்கினேன்.

"பயப்படாதீங்க," என்று அவள் படகில் இருந்தவர்களிடம் சொன்னாள். "நீர்யானை இன்னைக்கு லீவு. அதோ, பதிலுக்கு அதோட தம்பி வந்திருக்கார்."

படகே என்னைப் பார்த்தது. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, "அண்ணன் சாப்பாட்டைக் குடுத்துட்டுப் போகலை, எனக்குப் பசிக்குது," என்றேன்.

அவள் சிரித்தாள். வெளிச்சம் மின்னியது. குனியவில்லை.

ஃபிளாஷ் கூண்டிலிருந்து கத்தியது வளைவு முழுக்கக் கேட்டது. "கேப்டன், உன் தலையை நீயே வாங்கிக்க. வேற எவனும் வாங்க மாட்டான்."

அன்று மாலை வாங்கிக்கொள்ளத்தான் போயிருக்கிறாள். எங்கே போட்டேனோ என்று கையை விரித்துவிட்டாராம். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் குனியத் தவறவில்லை. படம் என்ற பேச்சு வந்தாலே, "என்னோட ஒரே நல்ல போட்டோ அந்த ஆளோட குப்பைப் பெட்டியில போச்சு," என்பாள். எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்தேன், ஒரு தடவைகூடப் போய்க் கேட்கவில்லை.

கடையிலிருந்து நேராகப் போய் அன்றே கேட்பது என்று கிளம்பினேன்.

ஃபிளாஷ் மகன் வீட்டில், மாடியில் இருந்தார். ஒரு கண்ணில் பால் போல வெள்ளை. காதும் கொஞ்சம் மந்தம். என்னைத் தெரிந்துகொள்ளப் பம்ப் அறை, ஏணி, நீர்யானை என்று வரிசையாகச் சொல்ல வேண்டியிருந்தது. நீர்யானையில் பிடித்துக்கொண்டார்.

"கேப்டன் சௌக்கியமா?"

சொன்னேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே," என்றார்.

"அவ தலை தெரிஞ்ச படம் ஒண்ணு கெட்டுப்போச்சே, அந்த மாதிரிப் படத்தையெல்லாம் என்ன பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுருவீங்களா?"

"தூக்கிப் போடவா? பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?" குரல் பழைய கூண்டுக் குரலாகிவிட்டது. "படம் மெல்லிசா இருக்கும், சட்டத்துக்குள்ள வச்சா சுருட்டிக்கும். அதனால பின்னாடி ஒரு முட்டு வேணும். கெட்டுப்போன படம் கால்கிட்ட பெட்டியில கிடக்கும். குனிஞ்சு ஒண்ணை எடுத்துப் பின்னாடி வச்சு அட்டையை ஒட்டிருவேன். அது தீர்ந்துபோனா வெத்து அட்டை."

"அன்னைக்குக் கெட்டதை அன்னைக்கே வச்சுருவீங்களா?"

"விடுமுறைக் கூட்டத்துல சாயங்காலத்துக்குள்ள பெட்டி காலி. அதான் கேப்டன் வந்து கேட்டப்ப என்னால எடுத்துக் குடுக்க முடியலை. எவன் முதுகுல ஒட்டினேன்னு எனக்கே தெரியாது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் சுவரைக் காட்டினார். அவருடைய மகனும் மருமகளும் புதுசில் அந்தப் படகில் போன படம், அதே நீல அலைச் சட்டத்தில் தொங்கியது.

"இதைப் பிரிச்சுப் பாருங்க. நான் காய்ச்சின பசைதான். ஆவி காட்டினா வழிக்கு வரும். நாலு ஓரத்துல மட்டும்தான் ஒட்டுவேன், நடுவுல தொட மாட்டேன்."

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, அது எங்க கல்யாணம் ஆன புதுசுல எடுத்தது."

"உன்னை யாரும்மா பிரிக்கிறாங்க? உன் முதுகைத்தான் பிரிக்கிறோம்."

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. பின்பக்க அட்டையின் ஓரத்தை ஆவியில் காட்டி, மெல்லிய பிளேடை உள்ளே விட்டேன். முதல் மூலையைக் கிழித்துவிட்டேன். மருமகள் உச்சுக் கொட்டினாள். அடுத்த மூலைக்கு அவசரப்படவில்லை, அதற்கடுத்ததற்கு இன்னும் பொறுமையாக. அட்டை கழன்று வந்தது. உள்ளே, மகன் மருமகளின் முதுகோடு முதுகு ஒட்டி, இன்னொரு படம் இருந்தது. எங்களோடு படகு ஓட்டிய பூசணி என்கிற ஆள், நடுப் படத்தில் தும்மிக்கொண்டிருந்தார். படம் முழுக்க அவர் தலைதான்.

மருமகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இத்தனை வருஷம் இவரை மாட்டியா வச்சிருந்தோம்?"

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும் முன்பே நான் வாசலில் நின்றேன். கையில் கெட்டில், பிளேடு, பூசணியின் தும்மல். கடைக்காரம்மா பூட்டைத் திறந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டினார்.

"முடியாது சார். அந்த ஓட்டல்காரர் எண்ணி வச்சுட்டுப் போயிருக்கார். ஒண்ணு குறைஞ்சாலும் எடுக்க மாட்டார்."

"குறையாது. முன்னாடி இருக்கிறது அவருக்கு. எனக்குப் பின்னாடி இருக்கிறது போதும்."

"கிழிஞ்சுதுன்னா?"

"முதல் மூலை கிழிஞ்சா நிறுத்திடறேன்."

"அந்த மூணுல இல்லைன்னா?"

"மத்ததையும் கேட்பேன்."

"அதுலயும் இல்லைன்னா?"

"ஓட்டல்காரர் யாருன்னு கேட்பேன். அவர் வேற எங்கெல்லாம் வாங்கினார்னு கேட்பேன்."

அவர் மேசையில் இருந்த கடிகாரங்களை ஒதுக்கி இடம் செய்தார். "பிளக் அந்தப் பக்கம் இருக்கு," என்றார்.

முதல் சட்டம் அந்த டீச்சருடையது. ஓரம் ஓரமாக ஆவி காட்டினேன். நான் பிளேடை நுழைத்தபோது கடைக்காரம்மா சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மூலை கிழியவில்லை. அட்டை கழன்றது. உள்ளே வெற்று அட்டை.

இரண்டாவதைப் பாதி பிரித்திருந்தபோது வாசலில் கொழுந்தியாளின் குரல். வீட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கக்கத்தில் அந்தக் கண்ணாடிப் படம். இன்று மாட்டியே தீருவது என்று கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"என்ன அத்தான் இது, கடையில உட்கார்ந்து டீ போடுறீங்களா?"

"உட்காரு. பேசாதே, ஆவி அசையுது."

"நான் பேசினா ஆவி அசையுதாம். அக்கா எப்படித்தான் இவரோட குடும்பம் நடத்தினாளோ," என்று கடைக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டே, நான் தள்ளி வந்திருந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது எதுவென்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்துகொள்ளவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது.

இரண்டாவதில் ஒரு படம் இருந்தது. முழுக்கச் செம்பழுப்பாக ஏதோ மறைத்திருந்தது. உற்றுப் பார்த்தால் விரல் ரேகை. ஃபிளாஷ் தன் கட்டை விரலையே படம் எடுத்திருக்கிறார்.

"இன்னும் ஒண்ணு," என்றேன். எத்தனை மிச்சம் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவதன் முன்பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம். தாத்தா முதல் கைக்குழந்தை வரை எல்லோர் வாயும் திறந்திருந்தது. இடது மூலையில் ஏணி. கீழே தொப்பி, சக்கரம், தூக்கிய சுண்டு விரல். இதன் பசை கல்லாகியிருந்தது. கெட்டிலில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மூன்று ஓரமும் விட்டுக்கொடுத்தது, நான்காவது கொடுக்கவில்லை. பிளேடை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். கொழுந்தியாள் எழுந்து வந்து என் தோளுக்கு மேலே குனிந்து நின்றாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

அட்டை கழன்றது.

தொப்பி பின்னால் சரிந்திருந்தது. முன் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் இரண்டும் இடுங்கி, முன்பல் இரண்டும் தெரிய, கழுத்தை நீட்டி அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். படகில் இருந்தவர்கள் ஒருவரும் தெரியவில்லை. விற்க முடியாத படம்தான்.

கொழுந்தியாள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா," என்றாள், யாரையோ கூப்பிடுவதுபோல. கொஞ்சம் கழித்து, "யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறா?" என்று கேட்டாள்.

படத்தின் இடது ஓரத்தில் ஏணிக்குக் கீழே ஈரமான முழங்கை ஒன்றும், ஒரு ஸ்பேனரின் பாதியும் வெட்டுப்பட்டு நின்றன.

"நீர்யானையோட தம்பியைப் பார்த்து," என்றேன். பிறகு அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைக்காரம்மா இரண்டாம் முறையும் அதே கவனத்தோடு கேட்டார்.

கழற்றிய சட்டத்தை மறுபடி ஒட்ட வேண்டும். பின்னால் முட்டு இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் சுருண்டுகொள்ளும். கடைக்காரம்மா பொருத்தமான அட்டை தேடி அலமாரியைக் கிளறினார். கொழுந்தியாள் தன் கக்கத்துப் படத்தைத் திருப்பி, ஆணிகளை நிமிர்த்தி, அடையாள அட்டை முகத்தை வெளியே எடுத்தாள்.

"இதை வைங்க. ஓரம் வெட்டினா சரியா இருக்கும்."

"நீ ஆசையா போட்டது."

"அதனால என்ன?" அவள் அந்த முறைத்த முகத்தை ஒருமுறை துடைத்தாள். "வாங்குறவங்க மூஞ்சி தெரிய மறைஞ்சு நிக்கிறது அவளுக்குப் பழகின வேலைதானே. வெளியே தெரிய மாட்டா. கண்ணாடிச் சட்டத்தை நாம வச்சுக்கலாம்."

கடைக்காரம்மா கத்தரிக்கோல் கொடுத்தார். சனிக்கிழமை வண்டி வந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது என்று பிறகு சொன்னார். கேப்டன் இப்போது ஏதோ ஒரு ஓட்டலில், சாப்பிடக் காத்திருப்பவர்களுக்கு எதிரே, ஒரு குடும்பத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறாள்.

என் முன் அறையில், அந்த ஆணியில், அவள் சிரிக்கிறாள். மேல் மூலையில் பசை பட்டுக் கொஞ்சம் கறுத்திருக்கிறது. வருகிறவர்கள், யார் எடுத்தது, எவ்வளவு உயிரோட்டம் என்கிறார்கள். நான் நாற்காலியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திப் போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கே உட்கார்ந்தாலும் அவள் என்னைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நிற்கிற அந்த முழங்கைக்காரனைத்தான் பார்க்கிறாள். அவனுக்கு இன்னும் பசிக்கிறது, அவள் இன்னும் குனியவில்லை.